மேடையில் மேகம், தரையில் பிள்ளைகள்

கல்முனைக் கரையோரத்தில் புகை இல்லாத கல்யாண மேடை குறைந்துகொண்டே வருகிறது. அந்தப் புகை எதனால் ஆனது, அதற்குள் யார் நிற்கிறார்கள்?

இஷாத் தொழுகை முடிந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். மண்டபத்தில் முதலில் நின்றவை மின்விசிறிகள். ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. பெண்கள் பக்கத்தில் விசிறிக்குப் பதில் அழைப்பிதழ் அட்டைகள் அசையத் தொடங்கின. அடுத்து வாசல் கதவு இழுத்துச் சாத்தப்பட்டது. கடைசியாக லைட்டும் போனது.

மேடைக்குப் பின்னால், கறுப்புத் துணி மறைப்புக்குள், இடுப்புயரப் பெட்டி ஒன்றில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கையுறை போடாத இளைஞன் ஒருவன் ரெஜிபோம் பெட்டியைத் திறந்து, வெள்ளைக் கட்டிகளைக் கம்பிக் கூடையில் கொட்டி, கைப்பிடியை மெதுவாகக் கீழே தள்ளினான். தண்ணீர் சீறியது. தடித்த குழாயின் வாயிலிருந்து பால் வெண்மையில் ஒரு வெள்ளம் வந்து, மேடைப் படிகளில் இறங்கி, தரையோடு தரையாக முன்வரிசைக்கு நகர்ந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் அதன் மேல் நடந்து வந்தார்கள். காலே தெரியவில்லை. குரவைச் சத்தம் கூரையை எட்டியது.

மருதமுனைக் கைத்தறிச் சாரியில் முன்வரிசையில் இருந்த மூத்தம்மா பக்கத்தில் இருந்த மகளின் கையைப் பிடித்தார். "என்னகா, நெருப்பா?"

"இல்லும்மா. வீடியோவுக்கு."

அந்தப் பதிலோடு மூத்தம்மா அடங்கிவிட்டார். பிள்ளைகள் அடங்கவில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் புகைக்குள் பாய்ந்தார்கள். இரண்டு கையாலும் அள்ளி ஒருவர் மேல் ஒருவர் எறிந்தார்கள். நாலு வயதிருக்கும் ஒரு பிள்ளை குப்புறப் படுத்து நீச்சலடித்தது. அதன் தலையில் கட்டியிருந்த சிவப்பு ரிபன் மட்டும் வெண்மைக்கு மேலே தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. எண்ணிப் பார்த்தேன், பதினைந்து விநாடி இருக்கும். வாப்பா வந்து தூக்கிக்கொண்டு போனார்.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. சஹன் வந்தது, சாப்பிட்டோம், வீடு திரும்பினோம். ஆனால் விசிறியை நிறுத்தியதும் கதவைச் சாத்தியதும் பிள்ளை தரையில் படுத்ததும் என் தலையை விட்டுப் போகவில்லை. புகை அழகாக நிற்க எதையெல்லாம் செய்கிறோமோ, அதையெல்லாம் செய்யக்கூடாது என்றுதான் இந்த வேலை தெரிந்தவர்கள் சொல்கிறார்கள்.

நுவரெலியாவை வாடகைக்கு எடுப்பது

புகை இந்தக் கரைக்குப் புதிதல்ல. பிள்ளை பெற்ற வீட்டில் தணல் சட்டியில் சாம்பிராணி போடாத உம்மா இல்லை. கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பேரில் கொடியேறும் நாட்களில் அந்த மணம் தெரு முழுக்க நிற்கும். மாப்பிள்ளையைப் பொல்லடி அடித்து அழைத்துப் போன காலத்திலும் சாம்பிராணி உண்டு. அது நெருப்பில் எரியும் புகை. கண் கரிக்கும், எழுந்து கூரைக்குப் போய்விடும். அப்பால் தமிழ்நாட்டில் நவாப் ராஜமாணிக்கமும் ஆர்.எஸ். மனோகரும் தந்திரக் காட்சிகளால் கூட்டம் சேர்த்த நாடக மேடைகளும், ஒளிக்கீற்று தெரிவதற்காகச் சாம்பிராணி போட்ட சினிமாப் படப்பிடிப்புத் தளங்களும் அந்த வழியில் வந்தவைதான்.

இப்போதையது வேறு. எரியாத, கரிக்காத, தரையை விட்டு எழும்பாத புகை. மார்கழி, தை விடியலில் வயல்வெளியில் கொஞ்சம் பனிமூட்டம் கண்டால் உண்டு, மற்றபடி நம் கடற்கரைக்கு மேகம் இறங்குவதில்லை. அதனால் நுவரெலியாவை ஒரு இரவுக்கு வாடகைக்கு எடுக்கிறோம். சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று எந்த ஊர் மேடை அலங்காரக்காரரைக் கேட்டாலும் பூ, லைட், பொறி பறக்கும் மெஷின், புகை எல்லாம் ஒரே பொதியில் வரும். இது வீண்விரயமா என்ற கேள்வியை ஜும்ஆ மேடைகளில் கேட்டாகிவிட்டது, இனியும் கேட்பார்கள். அதை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். என் கேள்வி மூச்சைப் பற்றியது.

■ பெட்டி: ஒரே பெயர், நாலு பொருள்

எல்லாவற்றையும் 'புகை' என்றே சொல்கிறோம்.

ட்ரை ஐஸ்: உறைந்த காபனீரொட்சைட்டு. வெப்பநிலை மறை 78.5 பாகை செல்சியஸ். உருகித் தண்ணீராகாது, நேரே வாயுவாகும். சுடுநீரில் போட்டால் தரையில் தவழும் புகை.

திரவ நைதரசன்: மறை 196 பாகை. ஒரு லீற்றர் ஆவியானால் ஏறக்குறைய 700 லீற்றர் வாயு. மாட்டுக்குச் சினை ஊசி போட வரும் கால்நடை உத்தியோகத்தரின் குடுவையில் இருப்பதும் இதுதான்.

புகை மெஷின் திரவம்: கிளைக்கோல் அல்லது கிளிசரின், தண்ணீரோடு கலந்தது. சூடாக்கித் துப்பினால் மண்டபம் முழுக்கப் பரவும்.

டெங்குப் புகை: டீசல் அல்லது மண்ணெண்ணெயில் கலந்த பூச்சிநாசினி. மேடைக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இருக்கக்கூடாது.

தெரிவது தண்ணீர், தெரியாதது வாயு

ட்ரை ஐஸைப் பொறுத்தவரை பலரும் தலைகீழாக விளங்கி வைத்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் வெண்மை காபனீரொட்சைட்டு அல்ல. அது வெறும் தண்ணீர். சுடுநீரிலிருந்து எழும் ஆவி, மறை 78 பாகைக் குளிரில் அடிபட்டு நுண்துளியாகிறது. அந்தத் துளிகளால் யாருக்கும் கேடில்லை. அவற்றைச் சுமந்து வரும் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றைவிட அது ஒன்றரை மடங்கு பாரம், போதாததற்குக் குளிர்ந்தும் இருக்கிறது. அதனால்தான் தரையைப் பிடித்துக்கொண்டு தவழ்கிறது. வெண்மை கலைந்த பிறகும் வாயு கலைந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம், சாதாரண தர விஞ்ஞானமே போதும். ஒரு கிலோ ட்ரை ஐஸ் நம் ஊர்ச் சூட்டில் சுமார் 550 லீற்றர் வாயுவாகும். பத்துக் கிலோ போட்டால் ஐந்தரைக் கனமீற்றர். இருபது மீற்றர் நீளம், பத்து மீற்றர் அகலம் உள்ள மண்டபத்தில், முழு உயரத்துக்கும் பரவினால் இது பெரிய விஷயமில்லை. ஆனால் விசிறியை நிறுத்திக் கதவையும் சாத்தி, தரையிலிருந்து அரை மீற்றர் உயரத்துக்குள் அத்தனையையும் தங்கவைத்தால், அந்த அடுக்கில் காபனீரொட்சைட்டு 5 வீதத்தைத் தாண்டும். வெளிக்காற்றில் இருப்பது 0.04 வீதம். வேலைத்தளங்களுக்கு அமெரிக்க நிபுணர்கள் விதித்த எல்லையில், பதினைந்து நிமிடம் தாங்கலாம் என்பது 3 வீதம். உயிருக்கு உடனடி ஆபத்து என்று குறித்திருப்பது 4.

உண்மையில் கொஞ்சம் கலக்கும், கொஞ்சம் கசியும். மனிதர் நடமாட்டமே காற்றைக் கிளறும். வளர்ந்தவரின் மூக்கு இருப்பது ஒன்றரை மீற்றர் உயரத்தில். தரையில் இருக்கும் பிள்ளையின் மூக்கோ சரியாக அந்த அரை மீற்றருக்குள். தரையில் பாய் விரித்து, சஹனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் ஊர் நம்முடையது. மேசை நாற்காலி போட்டுச் சாப்பிடும் ஊர்க்காரருக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் சலுகை தரும், நமக்குத் தராது.

மணப்பெண் அறையைச் சொல்லாமல் விடக்கூடாது. மேடை முடிந்ததும் மீதிக் கட்டிகளை ஓர் ஓரத்தில் வைக்க வேண்டும். பெட்டி எங்கே போகும்? ஏசி ஓடும், கதவு மூடியிருக்கும் ஒரு சின்ன அறைக்குத்தான். நீளம், அகலம், உயரம் மூன்றும் மூன்று மீற்றர் உள்ள அறையில் மூன்று கிலோ முழுதாக வாயுவானால் 6 வீதம். அங்கே களைத்துப்போன பெண் ஒருத்தி கைப்பிள்ளையோடு சாய்ந்து படுத்திருந்தால்?

வேனிலும் இதே கதைதான். கொழும்பிலிருந்து இரவோடிரவாகக் கட்டிகளை ஏற்றி, ஏசிக்காகக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு எட்டு ஒன்பது மணி நேரம் வருவது வேலைத் திறமை ஆகாது. 2018 ஜூலையில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஐஸ்க்ரீம் விநியோகிக்கும் ஒருவரின் காரில் ட்ரை ஐஸ் பெட்டிகள் இருந்தன. அந்தக் காரில் ஏறிய இரண்டு பெண்களில் ஒருவர் உயிரோடு இறங்கவில்லை. இறந்தவர் அந்த மனிதரின் தாய்.

2020 பெப்ரவரியில் மொஸ்கோவில் நடந்ததும் படத்துக்காகத்தான். பிறந்தநாள் விருந்தில் நீச்சல் குளத்துக்கு மேலே புகை படர வேண்டும் என்று 25 கிலோ ட்ரை ஐஸைக் குளத்தில் கொட்டினார்கள். மூடிய கட்டடம் அது. மூன்று பேர் இறந்தார்கள். விருந்தை வைத்தவர் இணையத்தில் மருந்துகளைப் பற்றி ஆலோசனை சொல்லிப் பேர்பெற்ற மருந்தாளர். தெரிந்தவர்களுக்கே தவறுகிறது.

ஏழு வயது

இனி நைதரசன். காபனீரொட்சைட்டு கூடினால் உடம்பு கத்தும்: மூச்சு வாங்கும், தலை இடிக்கும், ஓடச் சொல்லும். நைதரசன் கூடினால் உடம்புக்கே தெரியாது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நாலு பங்கு அதுதான், அது ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொண்டால் எச்சரிக்கை எதுவுமில்லாமல் மயக்கம் வரும். அதற்கும் முந்திய ஆபத்து குளிர். மறை 196 பாகை தோலில் தங்கினால் நெருப்பில் வெந்த மாதிரியே சதை சாகும்.

2025 மே மாதம் இந்தியாவின் மத்தியப் பிரதேசம், ராஜ்கட் மாவட்டத்தில் ஒரு கல்யாணம். மணமக்கள் புகை நடுவே நுழைய வேண்டும் என்பதற்காகத் திரவ நைதரசன் பாத்திரம் வைக்கப்பட்டிருந்தது. விளையாடிக்கொண்டிருந்த ஏழு வயதுச் சிறுமி அதற்குள் விழுந்துவிட்டாள். இந்தூர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். சில நாட்களில் இறந்துபோனாள்.

இந்தச் செய்தியை நம் ஊரில் எத்தனை மேடைக்காரர்கள் வாசித்தார்கள் தெரியவில்லை. நான் பார்த்த பெட்டிக்கு மூடி இருந்தது. ஆனால் திறந்து கிடந்தது. அதற்கும் பிள்ளைகள் ஓடி விளையாடிய இடத்துக்கும் நடுவில் இருந்த வேலி ஒரு கறுப்புத் துணி.

■ பெட்டி: வாய்க்குள் போன புகை

2024 மார்ச் 2: தில்லி அருகே குருகிராம் உணவகம் ஒன்றில் சாப்பாட்டுக்குப் பின் வாய் மணக்கத் தரும் பொருள் என்று ட்ரை ஐஸ் பரிமாறப்பட்டது. வாயில் போட்ட ஐந்து பேர் இரத்த வாந்தி எடுத்தார்கள்.

2024 ஏப்ரல்: புகை வரும் பிஸ்கட் சாப்பிட்டுத் துடித்த சிறுவனின் வீடியோ பரவியது. திரவ நைதரசன் கலந்து தின்பண்டம் கொடுப்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று தமிழ்நாட்டு உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரித்தது.

2024 மே: பெங்களூர்க் கல்யாண வரவேற்பொன்றில் புகை வரும் பீடாவைத் தின்ற 12 வயதுச் சிறுமியின் இரைப்பையில் ஓட்டை. அறுவைச் சிகிச்சை செய்துதான் காப்பாற்றினார்கள்.

பீடா, பலூடா, மொக்டெயில் எதுவானாலும் புகை அடங்கிக் கட்டி முழுதாக மறையும்வரை வாய்க்குப் போகக்கூடாது.

விருந்தாளிக்கு ஒரு இரவு

மெஷின் திரவத்தின் கதை வேறு. இங்கே தெரியும் வெண்மையேதான் பொருள். கிளைக்கோல் துளிகள் மண்டபம் முழுக்க மிதக்கும், லைட் கீற்று கத்தியைப் போல் வெட்டிக்கொண்டு தெரியும், வீடியோக்காரர் மகிழ்வார். மூச்சடைத்து யாரும் விழ மாட்டார்கள். தொண்டை காயும், கண் உறுத்தும், ஆஸ்துமாக்காரர் ஒருவர் இன்ஹேலரைத் தேடுவார். அவர் வெளியே வந்து வாசல்படியில் உட்கார்ந்தால் அன்றைக்கு முடிந்தது.

முடியாதது மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பவனுக்கு. நியூயோர்க்கின் பிராட்வே நாடக நடிகர்கள் இந்தப் புகையைப் பற்றி முறையிட, 1990களின் தொடக்கத்திலேயே அமெரிக்க அரசின் தொழில்சார் சுகாதார ஆய்வாளர்கள் அரங்குகளுக்குள் நுழைந்து அளந்தார்கள். கனடாவின் வன்கூவரில் 19 இடங்களில் பணிபுரிந்த 101 கலைத்துறைத் தொழிலாளரைப் பரிசோதித்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. இரண்டு வருடங்களாகப் புகையில் அதிகம் நின்றவர்களுக்கு நெஞ்சு இறுக்கமும் இழைப்பும் கூடுதலாக இருந்தன. மெஷினுக்கு நெருக்கமாக நின்று வேலை செய்தவர்களின் நுரையீரல் வலு குறைந்திருந்தது. அங்கே தொழிற்சங்கம் இருக்கிறது, அளவு இருக்கிறது, இத்தனை அடி தள்ளி நில் என்ற விதி இருக்கிறது. இங்கே நோன்பு முடிந்து கல்யாணங்கள் வரிசை கட்டும் நாட்களில் ஒரே தம்பிதான் ஊர் ஊராக மெஷினைத் தூக்கிக்கொண்டு போகிறான். வருமானம் ஒரு நாள் சம்பளம். முகத்தில் ஒரு துணிகூட இல்லை.

திரவத்திலும் கைவேலை நடக்கிறது. பார்மசியில் கிளிசரின் வாங்கித் தண்ணீரில் கலந்து ஊற்றினால் புகை வரத்தான் செய்யும். வீட்டில் கலந்த திரவமும், சூட்டுக் கட்டுப்பாடு பழுதான மெஷினும் ஒன்று சேர்ந்தால் கிளிசரின் அளவுக்கு மீறிக் கொதித்துச் சிதையும். அப்போது வருவது அக்ரோலீன். கண்ணையும் தொண்டையையும் அரிக்கும் நஞ்சு அது, கருகிய எண்ணெய் வாடை காட்டிக்கொடுக்கும். இன்னொரு பெயர்க் குழப்பமும் உண்டு. மேடைத் திரவத்தில் பொதுவாக இருப்பது புரொப்பிலீன் கிளைக்கோல். வாகன ரேடியேட்டர் கூலன்ட்டில் இருப்பது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கோல். பெயரில் ஒரு சொல்தான் மாறுகிறது, இரண்டாவது நஞ்சு. கராஜில் கிடக்கிறதே என்று எடுத்து ஊற்ற நினைப்பவர் இந்த வரியை இன்னொரு தடவை வாசிக்கட்டும்.

ஓடும் பிள்ளைகள்

பிள்ளைகள் ஏன் புகையைக் கண்டதும் பாய்கிறார்கள் என்பதற்கும் நாம்தான் பொறுப்பு. டெங்கு கூடிய நாட்களில் தெருவுக்குள் புகையடிக்க வருவார்கள். சுகாதாரப் பரிசோதகர் (பீ.எச்.ஐ.) ஐயா விலகச் சொல்வார், வளவுக்குள் போகச் சொல்வார். பிள்ளைகள் நேர் எதிராகப் பின்னால் ஓடுவார்கள், நாம் வாசலில் நின்று சிரித்துக்கொண்டு படம் எடுப்போம். 2017இல் இலங்கை 1,86,101 டெங்கு நோயாளரைக் கண்டது, நாட்டின் மிக மோசமான வருடம். அப்போது அந்தப் புகை தேவைப்பட்டது. ஆனால் அது பறக்கும் நுளம்பை அந்த நேரத்தில் கொல்லும் மருந்து, சிரட்டையில் நெளியும் புழுவுக்கு ஒன்றும் செய்யாது, பிள்ளையின் நெஞ்சுக்கு நல்லதும் இல்லை. புகை என்றால் விளையாட்டு என்று தெருவில் பழகிய பிள்ளைதான் மண்டபத்தில் குப்புறப் படுக்கிறது.

இன்னொரு விளையாட்டும் இருக்கிறது. மீதி ட்ரை ஐஸைப் பெரிய பையன்கள் சோடாப் போத்தலுக்குள் போட்டு மூடியை இறுக்குவது. போத்தல் வெடிக்கும், பிளாஸ்டிக் சிதறும், கண் போகும். 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் கேட்ட தற்கொலைக் குண்டு வெடிகளை இன்னும் மறக்காத மனிதர்கள் இருக்கும் கரை இது. நள்ளிரவில் மண்டபத்துக்குப் பின்னால் 'டமார்' என்று கேட்டால் இங்கே அது வேடிக்கை ஆகாது.

புகையோடு ஒரே பொதியில் வரும் பொறி மெஷினைப் பற்றியும் ஒரு சொல். 2023 செப்டெம்பரில் ஈராக்கின் ஹம்தானியாவில் கல்யாண மண்டபத்துக்குள் கொளுத்திய வாணப்பொறி கூரை அலங்காரத்தில் பற்றி நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மடிந்தார்கள். நம் மண்டபத்தில் உண்மையாகவே தீப்பிடித்தாலும், மூத்தம்மாவுக்குக் கிடைக்கப்போகும் பதில் "வீடியோவுக்கு" என்பதுதான்.

வெறும் தண்ணீரே போதும்

புகையே வேண்டாம் என்று எழுதுவது எனக்கு லேசு. யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் தேவையில்லை. 1970இல் ஜப்பானின் ஒசாகா உலகக் கண்காட்சியில் புஜிகோ நகாயா என்ற பெண் கலைஞர் ஒரு கட்டடத்தையே மேகத்தால் மூடிக் காட்டினார். உலகில் முதன்முதலாகச் செயற்கைப் பனிப்பூவை உருவாக்கிய விஞ்ஞானி உக்கிச்சிரோ நகாயாவின் மகள் அவர். அமெரிக்கப் பொறியியலாளர் தோமஸ் மீயுடன் சேர்ந்து, தண்ணீரை மட்டும் உயர் அழுத்தத்தில் மயிரிழைத் துளைகள் வழியே பீச்சியடித்துச் செய்த மேகம் அது. ரசாயனமும் இல்லை, வேறு வாயுவும் இல்லை. அந்த வழியில் வந்த சின்னச் சின்ன மெஷின்கள் இன்று சந்தையில் இருக்கின்றன. மீயொலியால் தண்ணீரைச் சிதறடித்துத் தரையில் மேகம் விரிப்பவையும் உண்டு. தண்ணீரும் தாங்கியும் சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வாங்குவதற்குக் கொஞ்சம் செலவு கூட. ஆனால் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் கொழும்பிலிருந்து கட்டி ஏற்றத் தேவையில்லை.

அதுவரை ட்ரை ஐஸ்தான் என்றால், மாநகர சபையும் மண்டப உரிமையாளர்களும் ஒரு நாள் உட்கார்ந்து பேசினால் போதும் என்பது என் அபிப்பிராயம். மண்டப ஒப்பந்தத்தில் இசைச் சத்தத்துக்கு நேரம் எழுதுகிறோம், சாப்பாட்டுத் தட்டுக்குக் கணக்கு எழுதுகிறோம். புகைக்கு ஒரு வரி எழுத முடியாதா?

■ பெட்டி: அடுத்த கல்யாணத்துக்கு முன்

மேடைக்காரரிடம் கேளுங்கள்: "தம்பி, எந்தப் புகை? எத்தனை கிலோ?" பதில் தெரியாதவரிடம் பொதியை எடுக்காதீர்கள்.

மணமக்கள் நடந்து முடிந்த கையோடு விசிறிகள் ஓட வேண்டும், எதிரெதிராக இரண்டு கதவுகள் திறக்க வேண்டும். படம் எடுக்க இரண்டு நிமிடம் போதும்.

அந்த இரண்டு நிமிடமும் பிள்ளைகள் இடுப்பில் அல்லது நாற்காலியில். தரையில் வேண்டாம். புகை போன பிறகு சஹனை விரியுங்கள்.

பெட்டிக்குப் பக்கத்தில் வளர்ந்த ஒருவர் நிற்க வேண்டும். கட்டியைத் தொடத் தடித்த கையுறை.

மீதிக் கட்டிகள் திறந்த வெளியில், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் தானாகக் கரையட்டும். அறைக்குள்ளும் வேண்டாம், போத்தலுக்குள்ளும் வேண்டாம். வேனில் ஏற்றினால் கண்ணாடியை இறக்கி ஓட்டுங்கள்.

குளிர் சுட்ட இடத்தைத் தேய்க்கக்கூடாது, சுடுநீரும் ஆகாது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

யாராவது தலை சுற்றி விழுந்தால் விசாரித்துக்கொண்டு நிற்க வேண்டாம், குனிந்து புகைக்குள் தலையை விடவும் வேண்டாம். கதவுகளைத் திறந்துவிட்டு, உடனே தூக்கி வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள். இலவச அம்பியுலன்ஸ் இலக்கம் 1990.